பழம்புல்லில் ஏர்

நமக்குப் புல் என்றால் லாலான். அதை அழிப்பதே வேலை. இங்கிலாந்திலோ பழைய மேய்ச்சல் நிலம் நிலக்கிழாரின் சேமிப்பு. அனுமதியின்றி அதை உழுத குத்தகைக்காரர் தண்டக் குத்தகை கட்டவேண்டுமெனப் பல சீட்டுகள் விதித்தன. அதில் நியாயமும் உண்டு. பல்லாண்டு சேர்ந்த சத்தைச் சில விளைச்சல்களே உறிஞ்சிவிடும். நல்ல புல் மீள நெடுங்காலம் செல்லும்.

1939-இல் போர் நெருங்கவே, ஏழாண்டேனும் புல்லாய்க் கிடந்த நிலத்தை உழுவோர்க்கு அரசினர் ஏக்கருக்கு 2 பவுண்டு அளித்தனர். போர் மூண்டபின் மாவட்டக் குழுக்கள் உழுமாறு ஆணையே இட்டன. ஆனால் விதையும் கூலியும் குத்தகைக்காரர் தலையில். பயிர் பொய்த்தாலும் குத்தகைப் பணம் கட்டியாகவேண்டும்.

பொய்க்கச் செய்ததோ கம்பிப்புழு. வண்டொன்றின் இளம்பருவமாகிய இது நான்கைந்து ஆண்டு மண்ணுள் வாழ்வது. புல் போனதும் கோதுமை நாற்றைத் தின்றது. பூச்சியியலார் வயல்தோறும் மண்ணெடுத்துப் புழுவை எண்ணி, மிகுந்த இடத்தில் பட்டாணியோ மொச்சையோ விதைக்கச் சொன்னார்கள்.