மடிந்த காதும் ஒரு வில்லங்கமும்

இங்கே மும்பையில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் "இதுதான் வேணும்" என்று அடம்பிடிக்கும் ஆந்தை முகப் பூனை, ஸ்காட்டிஷ் ஃபோல்ட். அதன் பூர்வீகம் ஒரு இடையர் வீடுதான் தெரியுமோ?

1961-ல் ஸ்காட்லாந்தில் கூப்பர் ஆங்கஸ் பக்கம், வில்லியம் ராஸ் என்ற ஆட்டு இடையர், பக்கத்துப் பண்ணையில் காது மடிந்த வெள்ளைப் பூனை ஒன்றைப் பார்த்தார். பெயர் சூசி. அதன் குட்டி ஸ்னூக்ஸை வாங்கி வந்து, அவரும் மனைவி மேரியும் வீட்டிலேயே வம்சம் வளர்த்தார்கள். மரபியல் தெரிந்த பாட் டர்னர் துணைக்கு வந்தார். மூன்று வருடத்தில் 76 குட்டிகள். 42-க்கு மடிந்த காது, 34-க்கு நேர் காது. (பேங்க்காரன் கண்ணில் முதலில் கணக்குதானே படும்! தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்று அர்த்தம்.)

1966-ல் பிரிட்டிஷ் பூனைச் சங்கத்தில் பதிவானது. எழுபதுகளின் தொடக்கத்தில் காதுக் கோளாறு வருமென்று பயந்து பதிவை நிறுத்திவிட்டார்கள். பூனை அதற்குள் அமெரிக்கா போய்விட்டது.

பத்திரத்தில் தெரியாத வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. காதை மடிக்கும் அதே மரபணுக் கோளாறுதான் கால், வால் மூட்டுகளின் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. 2016-ல் அந்த மரபணுவையே அடையாளம் கண்டுவிட்டார்கள். வாங்கியே தீரவேண்டும் என்பவர்கள் இதே இனத்தில் காது நிமிர்ந்த குட்டியைக் கேளுங்கள். பிள்ளைகளிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.