மட்டாஞ்சேரி அஞ்சலும் கடிதத்தின் அந்தரங்கமும்

மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளிலிருந்து கொச்சிக் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். எனினும், சுதந்திரத்துக்கு முன்னர் கோட்டைப் பகுதி பிரிட்டிஷ் கொச்சி என்னும் பெயருடன் சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவில் அடங்கியிருக்க, மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தபடியால், இத்தனை அருகருகே வாழ்ந்தவர்களின் கடிதங்களை இருவேறு ஸ்தாபனங்கள் சுமந்தன: அங்கே இந்தியத் தபால், இங்கே சமஸ்தானத்தின் அஞ்சல்.

அரண்மனை, கச்சேரி ஆகியவற்றின் காகிதங்களைக் கொண்டுசெல்வதற்கென்று ஏற்பட்டு, காலக்கிரமத்தில் குடிமக்களின் கடிதங்களையும் ஏற்றுக்கொண்ட இந்த அஞ்சல், 1892-இல் கொச்சி நாணயமான புத்தனில் அரை, ஒன்று, இரண்டு மதிப்புள்ள தபால்தலைகளை வெளியிட்டது. சலங்கை கட்டிய கோலை ஏந்தி ஓடிவரும் அஞ்சற்காரனுக்குக் குறுக்கே எவரும் நிற்கலாகாது என்பது அக்காலத்து நியதி. வழியில் பைக்கு இருந்த காவல் அது; பை அவிழ்க்கப்படும் அறைக்குள்ளோ, கடிதங்களைப் பிரித்தடுக்கும் உத்தியோகஸ்தரின் தர்மபுத்தியைத் தவிர வேறு காவல் இல்லை.

கையிருப்பும் விலையும் பிறருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் லாபம் கைநழுவிப் போகும் வியாபாரத்தில் இந்த உண்மை எவருக்கும் மறைவானதன்று. தந்தியோ உறையும் இல்லாதது. எழுதிக் கொடுத்ததைக் குமாஸ்தா வாசித்தே அனுப்பவேண்டும். ஆதலால் உலகெங்கும் பெருவணிகர்கள் சங்கேத நூல்களைக் கையாண்டனர். 1906-இல் வெளிவந்த பெண்ட்லியின் நூலில் ஒரு முழு வாக்கியமே ஐந்தெழுத்துச் சொல்லொன்றில் அடங்கிற்று. செலவைச் சுருக்குவதே முதல் நோக்கமாயினும், பொருளை ஓரளவு மறைப்பதும் அதனால் கைகூடிற்று.

1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து, 1951-இல் அஞ்சல் இந்தியத் தபாலோடு ஐக்கியமானபோது, மட்டாஞ்சேரிக் கடிதங்களுக்கு 1898-ஆம் ஆண்டின் இந்தியத் தபால் சட்டம் உரித்தாயிற்று. பிறர் கடிதத்தைத் தபால் இலாகா பிரிப்பதற்கு அச்சட்டம் வகுத்த முறை ஊன்றி நோக்கத்தக்கது. உரியவரிடம் சேர்க்க இயலாது திரும்பிய கடிதத்தை, அதற்கென நியமிக்கப்பெற்று, ரகசியம் காக்கக் கடமைப்பட்ட அதிகாரியே, அனுப்பியவரின் பெயரையும் விலாசத்தையும் அறியும் பொருட்டுப் பிரிக்கலாம். பொது நெருக்கடியோ, பொதுப் பாதுகாப்போ காரணமாகக் கடிதத்தை இடைமறிக்க வேண்டின், அரசாங்கத்தின் எழுத்துமூலமான உத்தரவு வேண்டும். இவ்வதிகாரத்தை விரிக்கும் மசோதாவைப் பார்லிமெண்டு 1986-இல் நிறைவேற்றியபோது, ஜனாதிபதி ஜைல் சிங் சம்மதம் அளிக்காமல் நிறுத்திவைத்தார். அது சட்டமாகவே ஆகவில்லை. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023-ஆம் ஆண்டின் தபால் அலுவலகச் சட்டம் நிற்கிறது.

1957-இல் மிளகு முன்பேர வணிகத்தைத் தொடங்கிய மட்டாஞ்சேரியில், இன்று ஏற்றுமதிக் கம்பெனியின் ஏலக் கேள்வியும் ஊழியரின் விடுப்பு விண்ணப்பமும் ஒரே சர்வரிலுள்ள மின்னஞ்சல் பெட்டிகளில் வந்து விழுகின்றன. கடவுச்சொல் வெளியாரைத் தடுக்கும். சர்வரின் நிர்வாகியைத் தடுக்காது. சாதாரணமாகக் கடிதங்கள் அவருடைய வட்டில் கோப்புகளாகவே கிடப்பதால், பெட்டிக்குரியவர் அறியாமலே அவர் அவற்றைப் படிக்க இயலும். கெட்டுப்போன பெட்டியைச் சீராக்கவும், வேலையை விட்டுச் சென்றவரின் பொறுப்பிலிருந்த ஆர்டர்களைத் தேடவும் அந்த வல்லமை அவசியமுமாகும். அனுப்புகிறவர் கணினியிலிருந்து பெறுகிறவர் கணினிவரை பூட்டியே செல்லும் குறியாக்கம் 1991-இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி முதலாகக் கிடைத்திருந்தும், அலுவலகங்களில் அது அருகியே வழங்குகிறது.

ஆகவே, தபால் இலாகா கற்ற நெறியையே நிர்வாகியும் கைக்கொள்ள வேண்டும்: காரணத்தைக் குறிப்பிட்ட எழுத்துமூல உத்தரவு, உடனிருக்கும் இரண்டாமவர், திறந்த நாளையும் நேரத்தையும் தானாகவே பதிந்து நிர்வாகியாலும் அழிக்க இயலாத பதிவேடு, இவையெல்லாம் உண்டென்று ஊழியர்க்கு முன்னரே அளிக்கப்பட்ட அறிவிப்பு. ஒப்பந்தத்தின் கீழ் கிட்டிய பிறர் விவரத்தை, தீங்கு விளையும் என அறிந்தும் அனுமதியின்றி வெளியிடுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு மூன்றாண்டுவரை சிறைவாசம் விதிக்கிறது. ஆனால் வெளியிடாமல் படித்து மட்டும் வைத்துக்கொள்வோரை அப்பிரிவு எட்டாது. அந்த இடைவெளியை நிரப்பும் கடமை ஒவ்வொரு கம்பெனியின் விதிமுறைக்கும் உரியது. அவ்விதியை எழுதாத கம்பெனி, தன் ஊழியரின் அந்தரங்கத்தை ஒரு தனிமனிதரின் சித்தத்துக்கு விட்டுவிட்டதாகவே பொருள்.