நாற்காலியை யார் சுமப்பது?

தோளில் மாட்டினால் பை, இறக்கி விரித்தால் இருக்கை. வடிவமைப்புப் படிப்பின் கடைசி ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட வேலை இதுதான். "யாருக்காக இதைச் செய்யப்போகிறாய்?" என்று பேராசிரியர் கேட்டபோது யோசிக்காமல் சொன்னேன்: "எங்க அம்மாவுக்கு."

அம்மா மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்கு வெளியே வருவார். நடுவே சாப்பிடும் அரைமணி நேரம் தவிர மீதி முழுவதும் நின்றபடிதான். சேலை வாங்க வருபவர்கள் உட்கார ஸ்டூல் இருந்தது. எடுத்துப் போடுபவர்களுக்கு இல்லை. கடையில் ஆளே இல்லாத மதியத்தில் அலமாரியில் சாய்ந்தாலும் சூப்பர்வைசரின் குரல் வரும். வீட்டுக்கு வந்ததும் அம்மா தரையில் படுத்து, கால்கள் இரண்டையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வார். சுவரில் அந்த இடம் மட்டும் கறுத்திருந்தது. கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்து முறுக்கிக்கொண்டபோது, "நின்னு நின்னு வந்தது" என்றார் மருத்துவர். அது என்ன நோய் என்பதை விட, ஏன் நிற்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு விளங்காமலே இருந்தது.

எனவே பையைச் செய்தேன். பெருக்கல் குறிபோல் குறுக்காக மடங்கும் இரண்டு அலுமினியச் சட்டங்கள், அவற்றின் மேல் முனைகளில் கித்தான் துணி, முன்பக்கம் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் குடையும் வைக்க அறைகள். கடையில் விற்கும் நாற்காலிகள் பெரும்பாலும் 45 சென்டிமீட்டர் உயரம். அதில் உட்கார்ந்தால் அம்மாவின் பாதம் தரையில் முழுதாகப் பதியாது. அவருடைய முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால்வரை அளந்தேன். 38 சென்டிமீட்டர். இருக்கையை அந்த உயரத்துக்கு அமைத்தேன். வெறும் பையின் எடை இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டியது.

முதல் மாதிரியை அம்மா தோளில் மாட்டிப் பார்த்தார். இறக்கினார், விரித்தார், உட்கார்ந்தார். "நல்லா இருக்குடி" என்றார். பிறகு கேட்டார்:

"உக்கார இடம் குடுக்காதது அவுக. அதுக்கு நாற்காலியையும் நானே தூக்கிட்டுப் போகணுமாக்கும்?"

படிப்பு முடிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மடக்கு இருக்கையின் வரலாற்றைத் தேடிப் போனது அதனால்தான்.

மடக்கு இருக்கை மிகப் பழைய பொருள். 1922இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னர் தூத்தன்காமனின் கல்லறையில் மடக்கு முக்காலி வகை இருக்கைகள் இருந்தன. பழைய ரோமில் உயர் பதவியில் இருந்தவர்கள் மட்டுமே உட்காரக்கூடிய மடக்கு இருக்கை ஒன்று உண்டு. அதன் பெயர் செல்லா குருலிஸ். அது அதிகாரத்தின் சின்னம். அதிகாரி போகுமிடமெல்லாம் அதுவும் போகும், ஆனால் அவர் அதைத் தூக்கமாட்டார். தூக்குவதற்கு ஆள் இருந்தது.

இந்த வழக்கம் இந்தியாவுக்கு வந்த தடயம் ஒரு நாற்காலியின் பெயரிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் புழங்கிய 'ரூர்க்கி நாற்காலி', ராணுவப் பொறியாளர்களின் தலைமையிடமாக இருந்த ரூர்க்கி நகரின் பெயரைக் கொண்டது. ஆணியும் பசையும் கிடையாது. மரக்கால்களும் குறுக்குக் கட்டைகளும் துளைகளில் செருகப்பட்டு நிற்கும். மேலே கித்தானும் தோல் வாரும். மேடுபள்ளமான தரையிலும் நான்கு கால்களும் பதியும், ஏனென்றால் இணைப்புகள் சற்றே நெகிழும். டென்மார்க்கின் கோர் கிளிண்ட் 1933இல் வடிவமைத்த புகழ்பெற்ற 'சஃபாரி' நாற்காலி இதன் வழிவந்ததுதான். வகுப்பில் இதைப் பாராட்டித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எளிமை, சிக்கனம், எடை குறைவு என்றார்கள். யாருக்கு எடை குறைவு என்று யாரும் கேட்கவில்லை. முகாமிலிருந்து முகாமுக்கு அதைக் கொண்டுபோனவை சுமை விலங்குகளும் சுமைகூலிகளின் முதுகுகளும். அந்த முதுகுகளுக்கு உரியவர்கள் அதில் உட்காரவில்லை.

ஆக, தூக்கிச் செல்லும் இருக்கையின் நெடிய வரலாற்றில் உட்கார்ந்தவர் ஒருவர், தூக்கியவர் வேறொருவர். என் பை இந்த இரண்டு பேரையும் ஒரே உடம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. அம்மாவுக்கு உறுத்தியது அதுதான்.

தேவைக்காக மடக்கியவர்களும் உண்டு. சிகாகோவில் அறைகலன் கடை வைத்திருந்த சாரா குட், பகலில் எழுதுமேசையாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் ஒரு மடக்குக் கட்டிலுக்கு 1885இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர். இடுக்கான அறைகளில் வாழ்ந்தவர்களுக்குப் பயன்படும் பொருள் அது. தூக்க ஆள் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்கள் மடக்கும்போது கணக்கே வேறாக இருக்கிறது.

இருக்கையின் கதை இப்படி என்றால், பையின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. இன்றைய மலையேற்றப் பைகளின் முன்னோடிகளில் ஒருவராக டிக் கெல்டியைச் சொல்வார்கள். 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் அலுமினியச் சட்டத்தோடு பை செய்து விற்றவர். சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றும் பட்டையைப் பரவலாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சட்டங்களை அவர் வளைத்தார். பைகளைத் தைத்தவர் அவருடைய மனைவி நீனா. வீட்டில் உட்கார்ந்து தைத்தார். பையில் இருக்கும் பெயர் 'கெல்டி'. அது இருவருக்கும் பொதுவான பெயர்தான், ஆனால் அதைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் ஒருவர்தான்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது. என் முதல் மாதிரி வகுப்பிலேயே கிழிந்தது. நான் உட்கார்ந்திருந்தபோதுதான். குறுக்காக மடங்கும் இருக்கையில் ஆள் உட்கார்ந்ததும் கால்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அவற்றை இழுத்துப் பிடிப்பது துணி. அந்த இழுப்பு முழுவதும் வந்து சேரும் இடம், துணி சட்டத்தைச் சுற்றி மடிந்து தைக்கப்பட்டிருக்கும் ஓரம். நான் கம்பியின் தடிமனைக் கணக்குப் போட்டிருந்தேன். தையலைக் கணக்குப் போடவில்லை.

கிழிந்த துணியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, "ஊடைப் பக்கமா வெட்டியிருக்க. பாவு நூல் இந்தக் கம்பிலேர்ந்து அந்தக் கம்பிக்குப் போகணும். ஊடை இழுபடும், பாவு அவ்வளவா இழுபடாது" என்றார். பதினெட்டு ஆண்டுகள் ஒரு நாளைக்கு நூறு சேலை விரித்து மடித்த கை அது. ஓரத்தை மூன்று மடிப்பாக்கி நான்கு வரி தைக்கச் சொன்னவரும் அவர்தான். அதன் பிறகு கிழியவில்லை. நான் சமர்ப்பித்த அறிக்கையில் 'துணியின் திசை மாற்றப்பட்டது' என்று எழுதினேன். மாற்றச் சொன்னவர் பெயரை எழுதவில்லை. நன்றியுரையில் 'என் பெற்றோருக்கு' என்று ஒரு வரி இருந்தது. மறைக்க நினைத்து விட்டதில்லை. அது 'வடிவமைப்பு' என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண்களின் அறிவு வரலாற்றிலிருந்து காணாமல் போக பெரிய சதி எதுவும் தேவையில்லை என்று அன்று என் அறிக்கையிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

கெல்டியின் இடுப்புப் பட்டையை நானும் பயன்படுத்தப் பார்த்தேன். புடவை கட்டிய உடம்பில் அது எங்கே உட்காரும்? கொசுவத்தின் மேல்தான். பட்டையை இறுக்கினால் கொசுவம் கலைகிறது. தளர்த்தினால் சுமை மீண்டும் தோளுக்கே வருகிறது. தோள்வாரோ மாராப்பை இழுக்கிறது. நேராக இறங்கும் வார் மார்பின் மேல் அழுத்துகிறது. கடைச் சீருடை புடவைதான் என்பதால் அம்மாவுக்கு வேறு வழியும் இல்லை. உலகில் விற்கும் பைகளில் பெரும்பாலானவை எந்த உடம்பை மனதில் வைத்து வெட்டப்பட்டவை என்பதை அந்த ஒரு வாரத்தில் உணர்ந்தேன்.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இருக்கை கொடுக்காதவர் கொடுத்தே ஆகவேண்டும் என்று கேட்ட பெண்கள் இருந்தார்களா? இருந்தார்கள்.

விக்டோரியா காலத்து பிரிட்டனில் கடைப் பெண்களின் நிலை அம்மாவின் நிலைதான். நாள் முழுக்க நிற்க வேண்டும். மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் பதின்ம வயதிலேயே துணிக்கடை வேலைக்குப் போனவர். 1890களில் கடை ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, கடைகளில் வேலை பார்த்துக்கொண்டே அங்குள்ள நிலைமைகளைத் திரட்டி எழுதினார். அதே காலத்தில், 1899இல், கடை ஊழியர் இருக்கைச் சட்டம் நிறைவேறியது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது கடைக்காரர் வைக்க வேண்டும் என்றது சட்டம். மூவருக்கு ஒன்று! மற்ற இருவர் நிற்கலாம் போலும். பாண்ட்ஃபீல்ட் 1929இல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரானார். அவருக்குக் கிடைத்த துறை தொழிலாளர் துறை.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அது பெண்களுக்கு மட்டுமானது. பெண் பலவீனமானவள், நாளைய தாய், எனவே காக்கப்பட வேண்டியவள் என்பது அந்தக் காலப் பாதுகாப்புச் சட்டங்கள் பலவற்றின் வாதம். கால் வலிப்பதற்குக் கருப்பையைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது. வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் போதவில்லை.

நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து நமக்கு அருகில் ஒரு போராட்டம் நடந்தது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த விஜி, கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. கடையில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்தார்கள். அடுத்துக் கேட்டது உட்காரும் உரிமை. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் ஊழியர்கள் 2014 இறுதியில் தொடங்கி நூறு நாட்களுக்கும் மேலாகக் கடைக்கு வெளியே உட்கார்ந்து போராடினார்கள். அதை 'இரிக்கல் சமரம்' என்றார்கள், உட்காரும் போராட்டம். 2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா வந்தது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அது. 'அனைவருக்கும்' என்ற சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பெண்கள் தெருவில் உட்கார்ந்து வாங்கிய உரிமை ஆண்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. கருப்பையைச் சாட்சிக்குக் கூப்பிடாமலே கிடைத்தது.

அதற்குள் அம்மா வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. செய்தியைச் சொன்னேன். "போடுவாக. அது மேல துணிக்கட்டை அடுக்கி வைப்பாக" என்றார். அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன கடையில் பார்த்தேன். ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அட்டைப் பெட்டிகள் இருந்தன. அருகில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். இருக்கை இருப்பதும் உட்கார முடிவதும் வேறு வேறு. இடையில் சூப்பர்வைசரின் பார்வை நிற்கிறது. அதை விலக்க சங்கம் வேண்டும்.

நம் ஊர்ச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நின்றிருக்கும், பார்த்திருப்பீர்கள். நட்ட இரண்டு கற்களின் மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருபவர், இறக்கி ஏற்ற இன்னொருவர் உதவி இல்லாமலே சுமையை அதன் மேல் சரித்துவிட்டு இளைப்பாறலாம். சுமையைத் தரைவரை இறக்கினால் தனியாளாய்த் திரும்பத் தூக்க முடியாது என்பதை அறிந்தவர்கள் தீர்மானித்த உயரம் அது. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது வழக்கமாக இருந்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, வழியில் போகிறவர்களின் சுமையை இறக்க ஒரு கல். அவள் உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஓய்வு கொடுத்தார்களா என்று கேட்காமல் என்னால் அந்தக் கல்லைக் கடக்க முடிவதில்லை. ஆனாலும் ஒரு வடிவமைப்பாளராக அதன் முன் நிற்கும்போது ஒன்று தெரிகிறது. அதை யாரும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. ஊர் அதை நட்டு வைத்தது.

என் பையை நான் தூக்கிப்போடவில்லை. முதலாளியும் இல்லாமல், சட்டமும் எட்டாமல், நடைபாதையில் பூவும் மீனும் விற்பவர்களுக்கு அது உதவும். ஆனால் கடையில் நிற்கும் பெண்ணுக்கு இதுதான் தீர்வு என்று இனி எங்கும் சொல்லமாட்டேன். அறிக்கையையும் திருத்திவிட்டேன். துணி வடிவமைப்பு என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது.

பை இப்போது அவரிடம்தான். ரேஷன் கடை வரிசைக்குக் கொண்டுபோகிறார். போன மாதம் கேட்டேன், "உக்காந்தியாம்மா?"

"எங்கடி? முன்னால மாசமா இருந்த பிள்ளை ஒண்ணு நின்னுச்சு. அதை உக்கார வச்சேன். பின்னால ஒரு பாட்டி. ரேஷன் கடைக்காரவுகள ஒரு பெஞ்சு போடச் சொல்லிக் கேக்கணும், நாலஞ்சு பேரா சேர்ந்து போய்."