பொருநைக் கரை கண்ட இரும்பு

ஆலயத் திருப்பணியில் முதலில் கேட்பது உளியோசை. நிறைவில் விமானத்தின்மேல் ஏறுவது செப்புக் கலசம். இரண்டும் நிலத்தின் வயிற்றிலிருந்து வந்தவை. மண்ணை உழுதுண்ட மனிதன், மண்ணை அகழ்ந்து உலோகம் எடுக்கவும் கற்ற பின்னரே பெருநாகரிகங்கள் பல தலையெடுத்தன. எகிப்தியர் சினாய் மலைகளில் செம்பு அகழ்ந்தனர். சைப்பிரசுத் தீவு செம்பினாலேயே புகழ்பெற்றது.

இவ்வரலாற்றில் நம் பொருநைக்கும் ஓர் இடமுண்டு. நாங்குநேரியில் வானமாமலைப் பெருமாளைச் சேவித்து நவதிருப்பதி யாத்திரை செல்லும் அன்பர்கள், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே ஆதிச்சநல்லூரைக் கடந்தே போகின்றனர். அங்குள்ள மேடு தொன்மையான ஈமக்காடு என்பதை அறிந்தோர் சிலரே. 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே அகழ்ந்தார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆய்ந்தார். தாழிகளோடு பொன் நெற்றிப்பட்டங்களும், வெண்கலக் கலங்களும், இரும்பு வாள்களும், ஈட்டிகளும், திரிசூலங்களும் வெளிப்பட்டன.

வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும். இவை தொலைவிலிருந்து வணிகத்தால் வந்திருத்தல் வேண்டும். இரும்பின் கதை வேறு. அதன் தாது தமிழகத்தில் பல இடங்களில் உண்டு. சேலத்துக் கஞ்சமலை யாவரும் அறிந்ததே. ஆயினும் எளிதில் வசப்படும் பொருளன்று அது. தாதுக்கல்லைப் பொடித்து, மரக்கரியுடன் மண்ணுலையிலிட்டு, துருத்தியால் ஓயாது ஊதிச் சுமார் 1,200 பாகை வெப்பமேற்றினால், கிட்டம் உருகி வழிய, பஞ்சுபோல் ஓர் இரும்புக்கட்டி தங்கும். அதனைப் பலமுறை காய்ச்சி அடித்த பின்னரே வாளோ கொழுவோ உருவாகும்.

ஆதிச்சநல்லூருக்கு அணித்தேயுள்ள சிவகளையில் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தது. இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 3345 எனும் காலத்தைத் தந்ததாக 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை கூறுகிறது. ஏறத்தாழ அக்காலத்து எகிப்தியர் அணிந்த இரும்பு மணிகள் விண்கல்லால் ஆனவை. உலையில் பிறந்தவை அல்ல. வேறிடங்களிலும் இத்தகைய காலக்கணிப்பு கிடைத்து இது உறுதிப்படட்டும் என்பார் அறிஞர் சிலர். அது முறையே, பெருமை பேச நாம் விரைய வேண்டுவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்குக் கணித்துள்ள கி.மு. 2172-உம் மிகப் பழமையான காலமே.

எமக்கு வியப்பளிப்பது ஆண்டுக்கணக்கன்று. இத்துணைப் பாடுபட்டு ஈட்டிய இரும்பை அம்மக்கள் சேமித்து வைக்கவில்லை. வாளும் சூலமுமாக மறைந்தோரின் தாழிகளுடன் மண்ணுக்கே திரும்பக் கொடுத்தனர்.