ஊவாவின் இருப்புப்பாதையும் மின்னூர்தி நிலையங்களும்

மலைநாட்டின் வரலாறு தேயிலையின் வரலாறு என்பர். அத்தேயிலையைத் துறைமுகம் சேர்த்த வழிகளின் வரலாறும் அதனோடு ஒருங்கே எண்ணத்தக்கது. ஊவா மாகாணத்துக்கு இருப்புப்பாதை வந்த வரலாற்றை நோக்கின், மின்னூர்திகளைக் குறித்து இன்று எழும் வினாவொன்றுக்கு அதில் விடை கிடைக்கும்.

1864 ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடத் தொடங்கிய புகையிரதம், 1885 இல் நானுஓயாவையும் 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை எட்ட மேலும் 30 ஆண்டுகள் சென்றன. தெமோதரையில் பாதை வளைந்து சென்று, தான் கடந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கவழியாய் நுழையுமாறு அமைக்கப்பட்டது. 1924 இல் பதுளை நிலையம் திறக்கப்பட்டபின், ஆங்கு ஏற்றிய தேயிலைப்பெட்டி ஏறக்குறைய 290 கிலோமீற்றர் கடந்து வண்டி மாறாமலே கொழும்பு சேர்ந்தது. வழி முழுவதும் தண்டவாளத்தின் அகலம் ஐந்தரை அடியே என்பதே இதற்குக் காரணம்.

ஊவாவின் எல்லையை அடுத்த உடப்புசல்லாவைத் தோட்டங்களின் நிலை வேறு. 1903, 1904 ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை போடப்பட்ட பாதையின் அகலம் இரண்டரை அடி. செங்குத்தான மலைக்கு அது ஏற்றது, செலவும் குறைவு. ஆயினும் அவ்வழி வந்த பெட்டி ஒவ்வொன்றும் நானுஓயாவில் இறக்கப்பட்டு மீண்டும் ஏற்றப்பட வேண்டியதாயிற்று. தெருவழிப் போக்குவரத்தின் போட்டிக்கு ஆற்றாது 1940களில் அப்பாதை கைவிடப்பட்டது.

அகலம் ஒன்றாயிருந்தால் மட்டும் போதுமோ? போதாது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வாராதிருக்க, நிலையங்கள் தம்முள் பேசிக்கொள்ளவும் வேண்டும். இதற்கென மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலம் பயன்பட்டது 'டேப்லட்' முறையாகும். அடுத்த நிலையத்தார் மணிக்குறியால் இசைவு தந்தாலன்றி உலோக வட்டு கருவியினின்றும் வெளிவராது. அவ்வட்டைப் பெறாத சாரதி வண்டியைச் செலுத்தலாகாது. அப்புத்தளையின் மணிக்குறி தியத்தலாவைக்கும், எல்லவின் மணிக்குறி தெமோதரைக்கும் விளங்கியமையாலேயே உயிர்கள் காக்கப்பட்டன.

மின்னூர்திக்கு மின்னேற்றும் நிலையமும் இத்தகையதே. வந்தவர் யார், அவர்க்கு மின் வழங்கலாமா, வழங்கிய அலகு எவ்வளவு என்பவற்றைத் தொலைவிலுள்ள கணினியுடன் பேசியே அது தொழிற்படுகின்றது. அம்மொழி ஒரு நிறுவனத்தின் தனியுடைமையாயின், அந்நிறுவனம் தொழிலைக் கைவிடும் நாளில், பழுதற்ற பொறியும் ஊமையாகிவிடும். இக்குறை நீக்க 2009 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்து நாட்டில் 'ஓ.சி.பி.பி.' என்னும் திறந்த நெறிமுறை உருவாகத் தொடங்கிற்று. எவரும் கட்டணமின்றிக் கைக்கொள்ளத்தக்க அது, 2014 முதல் ஒரு கூட்டமைப்பால் பேணப்படுகின்றது. 2024 இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவும் அதனை நியமமாக ஏற்றுக்கொண்டது. எனினும் 2015 இல் வெளிவந்த 1.6 ஆம் பதிப்பின் மொழி, 2020 இல் வெளிவந்த 2.0.1 ஆம் பதிப்புக்கு நேரே விளங்காது. ஆதலின் 'திறந்தது' என்னும் பெயர் மட்டும் கண்டு மகிழாது, எப்பதிப்பு என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

சமவெளியில் ஒரு நிலையம் ஊமையாயின் அடுத்ததை நாடலாம். மலையேறி மின்கலம் வற்றிய நிலையில் தோட்டப்பாதையில் நிற்பவர்க்கு அவ்வாய்ப்பு அரிது. நோயாளியை ஏற்றிப் பதுளை மருத்துவமனைக்கு விரையும் ஊர்தியாயின் அதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

தனிவழி தொடக்கத்தில் மலிவாகவே தோன்றும். நானுஓயாவில் பெட்டி இறக்கிய கூலி பின்னரே கணக்கில் ஏறும். ஊவாவில் இந்நிலையங்களை அமைக்க முற்படுவோர் பொறியின் விலையை வினவுமுன் அது பேசும் மொழியை வினவுவாராக. நாளை பொறியியலாளராகவும் நிர்வாகிகளாகவும் விளங்கவிருக்கும் எம் மாணவர் இவ்வரலாற்றை உளங்கொள்வது நன்று.