மருதையாற்றுப் பாலமும் எங்க மாவட்டத் தேர்தலும்

காஞ்சிபுரத்துல எண்பது வயசு தாண்டின, அரசியல் பேசுற பெரியவங்ககிட்ட "அரியலூர்"னு சொல்லிப் பாருங்க. "அழகேசன்"னு பதில் வரும். அந்த ஊருக்கும் எங்க மாவட்டத்துக்கும் முடிச்சுப் போட்டது ஒரு சின்ன ஆத்து மேல இருந்த ரயில் பாலம்.

1956 நவம்பர் 23, விடியற்காலை. எழும்பூரிலிருந்து போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. மீட்டர்கேஜ் பாதை, நீராவி என்ஜின். கனமழையில் ஆறு கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பாலம் தாங்கவில்லை. என்ஜினோடு முன்பக்கப் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. இறந்தவர்கள் 140 பேருக்கும் மேல்.

மருதையாறு ஒண்ணும் காவிரி இல்லை. பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் சேர்கிற காட்டாறு. வருஷத்தில் பல மாசம் மணல்தான். ஆபத்தே அங்கதான் இருக்கு. பெரிய ஆற்றுப் பாலத்தை எல்லாரும் கவனிப்பாங்க. ஓடைப் பாலத்தை யார் பார்க்கிறா? கர்டர் இரும்பு உறுதியாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தாங்குகிற தூணின் அடிமண்ணையும், பாலத்தை ஒட்டிய கரையையும் வெள்ளம் ஒரே ராத்திரியில் அரித்துவிடும். தண்டவாளம் மேலே நேராகத்தான் தெரியும். என்ஜின் எடை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகர் அருகே இன்னொரு பாலம் இடிந்து நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்.

துணை அமைச்சர் ஓ.வி. அழகேசன், எங்க செங்கல்பட்டுத் தொகுதி எம்.பி. 1957 தேர்தலில் அவர் பெயரை அரியலூரோடு மோனையாகக் கோத்து தி.மு.க.வினர் போட்ட கோஷம் தெருத்தெருவாக ஒலித்தது. அவர் தோற்றார். அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணா ஜெயித்து முதன்முறையாகச் சட்டமன்றம் போனார். தோல்விக்கு ஒரு பாலம் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா கோஷம் நினைவிருக்கிற அளவுக்கு ஆத்தோட பேர் யாருக்கும் நினைவில்லை.

ராஜினாமாவும் கோஷமும் எல்லாம் முடிஞ்ச பிறகு வர்றது. ரயிலைக் காப்பாத்துறது, மழை ராத்திரியில் விளக்கோடு பாதை நெடுக நடக்கிற ரோந்து ஊழியர்தான். பாலத் தூணில் தீட்டியிருக்கும் அபாயக் கோட்டைத் தண்ணி தொட்டுவிட்டதா என்று பார்ப்பது அவர்தான். அடுத்த முறை ஐப்பசி மழையில் ரயிலில் போகும்போது, சக்கரச் சத்தம் மாறி ஒரு ஓடை கடந்தால், அவரை ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.