மூன்று மாணவர்களும் பதினாயிரம் கையொப்பங்களும்: திருவிதாங்கூரில் ‘பொது’ என்பது யார்?

தென்னிந்திய மாணவர் அரசியல் குறித்த பேச்சு பெரும்பாலும் தெருவிலிருந்தே தொடங்குகிறது. ஊர்வலம், மறியல், தடியடி, சிறை என்னும் வரிசையில்தான் அதன் வரலாறு எழுதப்படுகிறது. தமிழகத்தைப் பொறுத்தவரை 1938உம் 1965உம் அதன் பெரும் அடையாளங்கள். ஆனால் மாணவர்கள் தங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லாத நிலையில், எழுத்தை மட்டும் கொண்டு, அரசு நிர்வாகத்தைப் பொதுநலத்தின் பெயரால் கேள்வி கேட்ட வரலாறு அதனினும் முந்தையது. அதன் முக்கியமான களங்களுள் ஒன்று திருவனந்தபுரம்.

இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்று அறியப்படும் நிறுவனத்தின் தொடக்கம், சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் ஏற்பட்ட ஆங்கிலப் பள்ளி. 1866இல் அது கல்லூரியாக உயர்ந்து, மகாராஜா கல்லூரி என்னும் பெயர் பெற்றது. 1882இல் அக்கல்லூரியிலிருந்து மூன்று மாணவர்கள் வெளியேற்றப்பட்டனர். ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, என். ராமன் பிள்ளை, ஆர். ரங்க ராவ் என்பன அவர்களின் பெயர்கள். திவான் வி. ராமய்யங்காரின் நிர்வாகத்தைக் கண்டித்து ‘வெஸ்டர்ன் ஸ்டார்’ என்னும் ஆங்கில இதழில் எழுதியதே அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். பரமேஸ்வரன் பிள்ளைக்கு அப்போது வயது 18.

இத்தண்டனையின் பொருளை உணர அன்றைய ஆட்சியமைப்பை நினைவிற்கொள்ள வேண்டும். திவான் அரசரால் நியமிக்கப்படுபவர். அவர் நிலைப்பதற்குப் பிரித்தானிய ரெசிடெண்டின் இசைவும் தேவை. குடிமக்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய மன்றம் ஒன்றும் இல்லை. திருவிதாங்கூரில் சட்டமன்றக் குழு அமைந்ததே 1888இல்தான். அதன் உறுப்பினர் எண்மரும் நியமிக்கப்பட்டவர்கள். இத்தகைய சூழலில் ஆட்சியைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவதற்கு எஞ்சிய இடம் பத்திரிகையின் கடிதப் பகுதியும் கட்டுரைப் பகுதியுமே. எழுதியவர்கள் மாணவர்களாக இருந்தால் அவர்களைத் தண்டிக்க நீதிமன்றமும் வேண்டியதில்லை. கல்லூரி அரசின் கல்லூரி. பெயரை நீக்கினால் போதும்.

ராமய்யங்கார் சென்னை அரசுப் பணியில் உயர்ந்து, 1880இல் திவானாகத் திருவனந்தபுரம் வந்தவர். நில அளவை, வரித்தீர்வை போன்ற துறைகளில் பெரிய மாற்றங்களைத் தொடங்கியவர் என்பதும் மறுக்க இயலாதது. மாணவர் எதிர்ப்பின் பின்னணியில் வேறொரு மாற்றம் இருந்தது. மகாராஜா கல்லூரி ஆண்டுதோறும் ஆங்கிலம் கற்ற இளைஞர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. அவர்கள் எதிர்பார்த்த உயர்பதவிகளோ சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களிடமும், முன்பே குடியேறிய தமிழ்ப் பிராமணக் குடும்பங்களிடமும் பெருமளவு இருந்தன. ஆகவே அம்மாணவர்கள் எழுதிய பொதுநலத்தில் அவர்களின் சொந்த எதிர்காலமும் கலந்திருந்தது. இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. தனக்கு நேர்ந்த தடையைத் தன் தலைமுறைக்கு நேர்ந்த தடையாகவும், பிறகு நாட்டுக்கு நேர்ந்த தடையாகவும் எடுத்துச்சொல்லும்போதுதான் பொதுநலக் கோரிக்கை உருப்பெறுகிறது. அந்த விரிவு எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்பதே ஆராயத்தக்கது.

அந்த எல்லையைக் காட்டும் சொல் ‘பரதேசி’. தமிழில் அது ஊர் ஊராகத் திரிபவரையும் இரந்துண்பவரையும் குறித்து, வசைச்சொல்லாகவும் தேய்ந்துவிட்டது. மலையாளத்தில் அதன் வடமொழி மூலப்பொருளாகிய ‘பிற தேசத்தார்’ என்பது நெடுங்காலம் நிலைத்திருந்தது. மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் இன்றும் பரதேசி ஜெபக்கூடம் எனப்படுவது அப்பொருளில்தான். தமிழ்ப் பிராமணரைப் ‘பரதேசி பிராமணர்’ என வழங்கியதும் அவ்வாறே. அவ்வழக்கில் வசை இல்லை. ஆனால் பிரிவு இருந்தது. எத்தனை தலைமுறை வாழ்ந்தால் ஒருவர் பரதேசி அல்லாதவராகிறார் என்னும் வினாவுக்கு அச்சொல்லில் விடை இல்லை.

1882இல் வெளியேற்றப்பட்ட மூவருள் ஒருவரின் பெயர் ரங்க ராவ் என்பது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. அது மலையாள வழக்குப் பெயர் அன்று. அக்கட்டுரைகளின் நேரடி இலக்கு திவான். அதை எழுதியவர்களை இணைத்தது ஒரே கல்லூரியின் வகுப்பறை. ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே மனக்குறை மனுவாக வடிவெடுத்தபோது அதற்கு ஓர் இனப்பெயர் வந்து சேர்ந்தது.

அந்த மனுதான் 1891 சனவரியில் மூலம் திருநாள் மகாராஜாவிடம் அளிக்கப்பட்ட ‘மலையாளி மெமோரியல்’. ‘மெமோரியல்’ என்பது இங்கு நினைவுச்சின்னம் அன்று; காலனியகால அலுவல் ஆங்கிலத்தில் விண்ணப்பத்துக்கு வழங்கிய சொல். 10,028 பேர் அதில் கையொப்பமிட்டனர். முதற்கையொப்பம் கே. பி. சங்கர மேனனுடையது. அடுத்தது ஜி. பரமேஸ்வரன் பிள்ளையுடையது. கல்லூரியை இழந்து சென்னை சென்ற அவர், மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, இப்போது மனுவின் முன்னணியாளருள் ஒருவராகத் திரும்பியிருந்தார். மகாராஜா கல்லூரியின் இன்னொரு பழைய மாணவரான சி. வி. ராமன் பிள்ளையும் இம்முயற்சியில் பங்காற்றினார். அவருடைய ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் வெளிவந்ததும் 1891இல்தான்.

அதே 1891இல் அதே கல்லூரியிலிருந்து இன்னொரு நூலும் வந்தது. அது பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’. ஆலப்புழையில் பிறந்து, மகாராஜா கல்லூரியில் பயின்று, அங்கேயே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் அவர். திருவிதாங்கூரின் தொல்கல்வெட்டுகளை ஆராய்ந்து அந்நாட்டின் பண்டை அரசர்களைப் பற்றி எழுதியவரும் அவரே. பிறப்பால் திருவிதாங்கூரர், மொழியால் தமிழர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், செங்கோட்டை வட்டங்களின் தமிழ்க் குடிகளும் அந்நாட்டுக்கு அயலார் அல்லர். ‘மலையாளி’ என்னும் தலைப்பின்கீழ் நாட்டுக் குடிகளின் உரிமை கோரப்பட்டபோது இவர்கள் எங்கே நிற்பது என்னும் வினா எழாமல் இராது. சில மாதங்களிலேயே தமிழ்ப் பிராமணர் தரப்பிலிருந்து எதிர் மெமோரியல் ஒன்று அளிக்கப்பட்டது. எனினும் இம்மனுவின் மிகக் கூர்மையான சிக்கல் தமிழர்–மலையாளி எல்லையில் இல்லை. அது மலையாளி என்னும் சொல்லுக்கு உள்ளேயே இருந்தது.

மூன்றாவது கையொப்பம் டாக்டர் பத்மநாபன் பல்புவுடையது. திருவனந்தபுரம் பேட்டையில் 1863இல் பிறந்த ஈழவர். பரமேஸ்வரன் பிள்ளையைவிடச் சில மாதங்களே மூத்தவர். 1884இல் திருவிதாங்கூர் மருத்துவக் கல்விக்கான தேர்வில் தேறியும் சாதியால் இடம் மறுக்கப்பட்டவர். அவரும் சென்னை சென்றே படித்தார். மருத்துவராகித் திரும்பிய பின்னும் சொந்த நாட்டில் பணி கிடைக்காமல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். ஆக, இரண்டு ஆண்டு இடைவெளியில் திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு மாணவர்கள் ஒரே நகரத்துக்குப் புறப்பட்டனர். ஒருவர் எழுதியதற்காக வெளியேற்றப்பட்டவர். மற்றவர் பிறந்ததற்காக உள்ளே விடப்படாதவர். 1891இன் மனுவில் இருவர் பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. திருவிதாங்கூர் வரலாற்றில் இது சிறிய நிகழ்வன்று.

ஆனால் அரசின் விடை இருவருக்கும் ஒன்றாக இல்லை. நாயர்களுக்கு ஏற்கெனவே போதிய பங்கு உண்டு என்னும் போக்கில் அது பேசியது. ஈழவர்களைப் பற்றி அது கூறியது வேறு: அவர்கள் உழவு, கயிறு, கள் ஆகிய தொழில்களில் நிறைவுடன் இருப்பவர்கள், மரியாதை எதிர்பார்க்கப்படும் பதவிகளுக்கு அவர்களின் சமூகநிலை பொருந்தாது. அடுத்த ஆண்டுகளில் நாயர்களுக்குப் பதவிகள் படிப்படியாகத் திறந்தன. ஈழவர்களுக்கு அரசுப் பள்ளிகள் பலவற்றின் கதவே திறக்கவில்லை. பொது மனு பெற்றுத்தந்த பயன் பொதுவாகப் பகிரப்படவில்லை.

பல்பு அதிலிருந்து பெற்ற பாடம் மனுவைக் கைவிடுவது அன்று. அதே கருவியைத் தம் மக்களின் பெயரில் கையாள்வது. 1896இல் அளிக்கப்பட்ட ஈழவ மெமோரியலில் 13,176 கையொப்பங்கள் இருந்தன. மலையாளி மெமோரியலைவிட மூவாயிரத்துக்கும் மேல் கூடுதல். கல்வி மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து ஊர் ஊராகச் சென்று கையொப்பம் திரட்டுவது எத்தகைய உழைப்பு என்பதை அந்த எண்ணே சொல்லும். 1882இல் மூன்று மாணவர்களின் பேனாவாக இருந்தது, 1896இல் அம்மாணவர்கள் எண்ணிப் பார்த்திராத மக்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பரமேஸ்வரன் பிள்ளையின் பிற்கால வாழ்வும் இந்த விரிவின் ஒரு பகுதியே. சென்னையில் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ இதழின் ஆசிரியராக அவர் ஈழவர் கோரிக்கையை ஆதரித்தார். 1896 அக்டோபரில் தென்னாப்பிரிக்க இந்தியர் நிலையை விளக்கச் சென்னைக்கு வந்த காந்திக்கு அவர் தம் இதழின் பக்கங்களைத் தாராளமாகத் திறந்துவிட்டார். சென்னையில் தமக்குக் கிடைத்த பேருதவி இவருடையதே என்பதைக் காந்தி தம் வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளாக அல்லற்பட்டவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்துத் தமிழர்கள். திருவனந்தபுரத்தில் ‘பரதேசி’ எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றவரே, கடலுக்கு அப்பால் உண்மையிலேயே பரதேசிகளாக நின்ற தமிழர்களின் குரலுக்கு இடமளித்தார். 1903இல் அவர் மறைந்தபோது வயது 39.

திருவிதாங்கூரில் அரசுப் பதவிகளில் நேர்மையான பங்கு என்னும் கோரிக்கை முடியவில்லை. 1932இல் புதிய சட்டமன்றச் சீர்திருத்தம் வந்தபோது, வாக்குரிமை நிலவரியோடு பிணைக்கப்பட்டதால் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் தங்களுக்கு உரிய இடம் கிடைக்காது என்று தேர்தலிலிருந்து விலகி நின்றனர். காந்தியின் ஒத்துழையாமையோடு அது குழம்பிவிடக் கூடாது என்பதற்காக ‘நிவர்த்தனம்’ என்னும் சொல்லை முன்வைத்தவர், பாணினி இலக்கணத்துக்கு மலையாளத்தில் உரை கண்ட ஐ. சி. சாக்கோ. இந்த முறை முறையீடு நாயர் ஆதிக்கத்தை எதிர்த்து. 1891இல் விலக்கப்பட்டோராகப் பேசியவர்கள், நாற்பது ஆண்டுகளில் விலக்குபவராகச் சுட்டப்பட்டனர். 1935இல் கோழஞ்சேரி உரைக்காக சி. கேசவன் கைதானார். 1936இல் பணி நியமனங்களைக் கவனிக்கப் பொதுப்பணி ஆணையர் பதவி ஏற்படுத்தப்பட்டது. மகாராஜா கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளுக்கும் இந்த ஆணையர் அலுவலகத்துக்கும் இடையில் 54 ஆண்டுகள்.

மாணவர் பொதுநலக் குழுக்களின் அடிப்படைச் சிக்கல் ஒன்றை இவ்விடத்தில் ஒப்பிடலாம். மாணவப் பருவம் குறுகியது. பொதுநலக் கோரிக்கைகளின் ஆயுள் நீண்டது. 1971இல் அமெரிக்காவின் ஓரிகன், மினசோட்டா மாநிலங்களில் ரால்ஃப் நேடரின் தூண்டுதலால் தொடங்கிய மாணவர் பொதுநல ஆய்வுக் குழுக்கள் இதற்கு ஒரு வழி கண்டன. மாணவர்கள் ஆளுக்குச் சிறுதொகை செலுத்தி, நிலையான வழக்கறிஞர்களையும் ஆய்வாளர்களையும் அமர்த்தினர். மாணவர்கள் மாறினாலும் பணி தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் திருவனந்தபுரத்தில் அத்தகைய அமைப்பு இல்லை. அந்தத் தொடர்ச்சியை அளித்தவை பத்திரிகையும் கையொப்ப மனுவும். இவ்விரண்டும் எவருக்கும் தனியுடைமை அல்ல. தொடங்கியவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொள்ளலாம். பல்பு எடுத்துக்கொண்டார்.

1882இன் மூவரைத் தேசிய இயக்கத்தின் முன்னோடிகளாகப் போற்றுவதும், பதவி வேட்டையின் தொடக்கமாகக் குறைத்து மதிப்பிடுவதும் எளிது. இரண்டுக்கும் சான்று காட்ட இயலும். வரலாற்று மாணவருக்குப் பயன்படும் கேள்வி இவ்விரண்டையும் கடந்தது: ஒரு மனு ‘நாங்கள்’ என்று தொடங்கும்போது அந்தத் தன்மைப் பன்மைக்குள் யார் அடங்குகின்றனர்? தமிழும் மலையாளமும் இதற்கு இலக்கண வேறுபாடே வைத்திருக்கின்றன. கேட்பவரை உள்ளடக்கியது ‘நாம்’, விலக்கியது ‘நாங்கள்’. மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’. அரசரை நோக்கி எழுதப்படும் மனு இலக்கணப்படி ‘நாங்கள்’ என்றுதான் பேச முடியும். ஆனால் தன் அருகில் கையொப்பமிடுபவரிடம் அது ‘நாம்’ என்று பேசியாக வேண்டும். 1891இல் முதற்சில கையொப்பங்களுக்கிடையே அந்த ‘நாம்’ சிறிது காலம் இருந்தது. பதவிகள் வந்தபோது அது நிலைக்கவில்லை. இன்றும் மாணவர் குழு ஒன்று பொதுநலத்தின் பெயரால் மனு எழுதும்போது, கையொப்பங்களின் எண்ணிக்கையோடு, மூன்றாவது இடத்தில் ஒப்பமிட்டவருக்கு அதன்பின் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.